காற்றுக்கும் சுங்கம்!

பேசுவதற்குக் காசு கொடுக்கிறோம், தெரிகிறது. பேசுகிற கருவிக்குக் காசு கொடுக்கிறோம், அதுவும் தெரிகிறது. ஆனால், அந்தக் கருவி எந்த முறையில் பேசவேண்டும் என்று எங்கோ உட்கார்ந்து ஒருவன் வகுத்து வைத்திருக்கிறானே, அவனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அது மட்டும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை! கடைக்காரன் தரும் சீட்டில் அந்த வரி இருக்காது. விலைக்குள் விலையாக ஒளிந்திருக்கும் அந்தத் தொகைக்கு உரிமைத்தொகை என்று பெயர். பெயர் நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஊர் எல்லையில் கட்டையைக் குறுக்கே போட்டு, வண்டிக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார்களே சுங்கம், அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே சாலையாவது இருந்தது. இங்கே வெறும் காற்று!

இந்தக் காற்றுச் சுங்கத்துக்காக இரண்டு வல்லரசுகள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கு நின்ற கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். களம், சீனா. எதிரே நின்றது அமெரிக்கா. பக்கத்தில் நின்று பலகாரம் தின்றது ஐரோப்பா! மேடையில் பேசப்பட்டவை பெரிய சொற்கள் — ஒருவர் “தாராள வாணிபம்” என்றார். மற்றவர் “தன்னாட்டுத் தொழில்” என்றார். மேடைக்குப் பின்னால் நடந்தது பேரம். அந்தப் பேரத்தின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி.

முதலில் இந்த ‘முறை’ என்பது என்ன? பொறியாளர்கள் சொன்னால் தலை சுற்றும். நம் வழக்கில் சொல்லிப் பார்ப்போம். கண்மாய்த் தண்ணீர் கொஞ்சம், வயல்கள் நிறைய. அதனால் முறைவைத்துப் பாய்ச்சுகிறோம் — இந்த நாழிகை உனக்கு, அடுத்த நாழிகை எனக்கு. ஐரோப்பியர் கூடி வகுத்த ஜி.எஸ்.எம். முறை அப்படிப்பட்டது. ஒரே அலையை எட்டுக் கூறாக நறுக்கி, எட்டுப் பேர் மாறி மாறிப் பேசுவது. நொடியில் ஆயிரம் கூறுகளுக்கு மேல் ஓடுவதால் நமக்கு இடைவெளி தெரியாது. 1991 ஜூலை 1-ல் பின்லாந்தில் அது பேசத் தொடங்கியது. அமெரிக்காவில், சான் டியாகோ நகரில், 1985-ல் தொடங்கப்பட்ட குவால்காம் என்ற கம்பெனி வேறு வழி கண்டது. சந்தைக் கூச்சலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசட்டும், ஆளுக்கொரு குறிமொழி, எவன் குறிமொழி எவனுக்குத் தெரியுமோ, அவன் அதை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொள்வான் என்றது. அதுதான் சி.டி.எம்.ஏ. முறை. நல்ல அறிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அறிவுக்குள் நூற்றுக்கணக்கான காப்புரிமைகளை முள்வேலியாக நட்டுவைத்தது கம்பெனி.

வேலியின் முள் எப்படிக் குத்தும் என்பதைத் தென்கொரியா காட்டியது. 1996-ல் நாடு முழுவதற்கும் சி.டி.எம்.ஏ. முறையை ஏற்ற நாடு அது. தொழில் வளர்ந்தது; சாம்சங்கும் எல்.ஜி.யும் தலைநிமிர்ந்தன. உண்மைதான். கூடவே, உள்நாட்டில் விற்ற ஒவ்வொரு செல்பேசிக்கும் விலையில் 5.25 விழுக்காடு, ஏற்றுமதியாகும் ஒவ்வொன்றுக்கும் 5.75 விழுக்காடு சான் டியாகோவுக்குப் போயிற்று. கவனியுங்கள் தோழர்களே, விலையில் விழுக்காடு! கொரியத் தொழிலாளி நல்ல திரை பூட்டினால் விலை கூடும். விலை கூடினால் சுங்கமும் கூடும். திரைக்கும் குவால்காமின் கண்டுபிடிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வண்டியில் பருத்தியா பட்டா என்று பார்த்துச் சுங்கம் கேட்பவன்கூட இவனைவிட நியாயவான். சாலை தன்னுடையது என்றாவது அவன் சொல்லலாம்.

பீகிங்கில் இருந்தவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1987-ல் குவாங்டாங் மாநிலத்தில் சீனாவின் முதல் செல்பேசி ஒலித்தபோது கருவி அந்நியச் சரக்கு. பிறகு ஜி.எஸ்.எம். வந்தது, எரிக்சன், நோக்கியா, சீமென்ஸ் கம்பெனிகள் கொழித்தன. செல்பேசி வைத்திருப்போர் தொகை 2001 ஜூலையில் 12 கோடியை எட்டி, அமெரிக்காவையே முந்தியது. உலகில் அதற்கு நிகரான சந்தை வேறில்லை. சந்தை சீனாவினுடையது, சுங்கச்சாவடி முழுவதும் அந்நியருடையது! இந்த நிலையில் பேரம் பேசத் தெரிந்த அரசு என்ன செய்யும்? “என் சந்தைக் கதவைத் திறக்கிறேன், நீ என்ன தருவாய்?” என்று கேட்கும். கேட்டது.

1999 ஏப்ரலில் சீனப் பிரதமர் சூ ரோங்ஜி அமெரிக்கா சென்றார். கையில் இருந்த கோரிக்கை ஒன்று: உலக வர்த்தக அமைப்பில் சீனாவுக்கு இடம். மடியில் இருந்த சலுகைகள் பல. அவற்றில் ஒன்று, சி.டி.எம்.ஏ. முறைக்குச் சீனச் சந்தையைத் திறப்பது. ஒரு நாட்டின் பிரதமர், மற்றொரு நாட்டின் தலைநகரில், ஒரு தனியார் கம்பெனியின் சரக்கைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது என்றால், அந்தக் கம்பெனியின் செல்வாக்கு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்! தாராள வாணிபம் என்றால் அரசு ஒதுங்கி நிற்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர்கள், தம் வீட்டுச் சரக்கு என்றவுடன் அமைச்சர்களையே தரகர்களாக அனுப்பினார்கள்.

கிளிண்டன் அப்போது ஒப்பந்தத்தில் கையொப்பமிடத் தயங்கினார். ஒரு மாதம் ஆகவில்லை; மே 7-ல் பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தின் மீது அமெரிக்க விமானத்தின் குண்டுகள் விழுந்தன. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் மாண்டனர். பேச்சு முறிந்தது. நவம்பர் 15-ல்தான் மீண்டும் கூடி ஒப்பந்தமாயிற்று. 2000 பிப்ரவரியில் சீனா யூனிகாம் கம்பெனிக்கும் குவால்காமுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் அதற்கு முன் ஓராண்டிலேயே குவால்காம் பங்கு இருபது மடங்குக்கு மேல் ஏறியிருந்தது! சீனன் இன்னும் ஒரு வார்த்தைகூட அந்த முறையில் பேசவில்லை. பேசப்போகிறான் என்ற நினைப்புக்கே அங்கே இலாபம் கொட்டியது.

அடுத்து நடந்தது வேடிக்கை. மே 24-ல் சீனாவுக்கு நிரந்தர வாணிப உரிமை வழங்கும் மசோதா அமெரிக்கக் கீழ்ச்சபையில் நிறைவேறியது. ஜூன் மாதத்தில் யூனிகாம், “இப்போதைக்கு சி.டி.எம்.ஏ. வேண்டாம்” என்றது! பங்கு சரிந்தது. செனட் சபை செப்டம்பரில் ஒப்பியது; அக்டோபரில் கிளிண்டன் கையொப்பமிட்டார்; பிறகு “வேண்டாம்” மெல்ல மெல்ல “வேண்டும்” ஆயிற்று. 2001 டிசம்பர் 11-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர் ஆனது. 2002 சனவரியில் யூனிகாமின் சி.டி.எம்.ஏ. சேவை திறக்கப்பட்டது. ஒரு கதவைத் திறந்து திறந்து மூடியே காரியம் சாதித்த சாமர்த்தியத்தை என்னென்பது! ஆனால் அந்தச் சேவை யூனிகாமுக்குச் சுமையாகவே இருந்தது. கருவிகளை நட்டத்துக்குக் கொடுத்து ஆள் சேர்க்கவேண்டியதாயிற்று. 2008-ல் அதை 11,000 கோடி யுவானுக்குச் சீனா டெலிகாம் தலையில் ஏற்றிவிட்டார்கள். இரண்டும் அரசின் கம்பெனிகள். வலக்கையில் இருந்ததை இடக்கைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் இன்னொரு விதை ஊன்றப்பட்டிருந்தது. 1998 ஜூனில், மூன்றாம் தலைமுறைச் செல்பேசிக்குத் தன் முறை ஒன்றைச் சீனா உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முன் வைத்தது. டி.டி.-எஸ்.சி.டி.எம்.ஏ. என்று வாயில் நுழையாத பெயர், சுருக்கமாக டி.டி. முறை என்போம். மற்ற முறைகள் இரட்டைத் தண்டவாளம் போன்றவை. போக ஒன்று, வர ஒன்று. டி.டி. முறையோ ஒற்றைத் தண்டவாளம். போகும் வண்டியும் வரும் வண்டியும் அதே தடத்தில், நேரம் பிரித்துக்கொண்டு ஓடும். அலைக்கற்றை மிச்சம். 2000 மே மாதம் இஸ்தான்புல் நகரில் கூடிய மாநாடு அதையும் உலக முறைகளில் ஒன்றாக ஏற்றது. ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று!

“சீனத்தின் சொந்த முறை” என்று பீகிங் ஏடுகள் முழங்கின. எவ்வளவு சொந்தம்? தாதாங் என்ற அரசுக் கம்பெனியின் தோளோடு தோள் நின்றது ஜெர்மனியின் சீமென்ஸ். ஐரோப்பாவில் முதலிடம் கிடைக்காமல் ஓரங்கட்டப்பட்ட அதன் முயற்சிக்குச் சீனாவில் வாழ்வு கிடைத்தது. அடிப்படைக் கருத்தின் ஒரு பகுதி, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த சீனப் பொறியாளர்களுடையது. இந்த முறையிலும் தன் காப்புரிமை உண்டு என்று குவால்காம் அங்கேயும் வந்து நின்றது! ஆக, முழுச் சொந்தம் என்பது மேடைப் பேச்சு. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: தன் பெயரில் ஒரு முறை கையில் இருப்பவனிடம் உரிமைத்தொகை பேச வருகிறவன், குரலைத் தாழ்த்தித்தான் பேசுவான். அந்த மட்டில் டி.டி. முறை பேசுவதற்கு உதவியதைவிடப் பேரம் பேசுவதற்கு அதிகம் உதவியது.

அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? 2003 மே மாதம் சீனா மற்றொரு முறையையும் அறிவித்தது. கம்பியில்லா இணையத்துக்கு — வைஃபை என்கிறோமே, அதற்கு — வாபி என்ற பாதுகாப்பு முறை. நம் ஊர் வாவி அல்ல தோழர்களே, வாபி! வாவியில் யாரும் இறங்கலாம். வாபியில் இறங்க அனுமதி வேண்டும். அதன் இரகசியக் குறிப்பு சீன அரசு தேர்ந்தெடுத்த இருபத்து நான்கு கம்பெனிகளிடம் மட்டும் இருக்கும்; அந்நியக் கம்பெனிகள் அவர்களிடம் போய்க் கைகட்டி நின்றுதான் சரக்கு செய்யவேண்டும். 2004 ஜூன் 1 கெடு. வெளியுறவு அமைச்சர் காலின் பவல், வாணிப அமைச்சர் டொனால்டு எவன்ஸ், வாணிபப் பிரதிநிதி இராபர்ட் சோலிக் மூவரும் சேர்ந்து கையொப்பமிட்டுச் சீனத் துணைப்பிரதமர்களுக்குக் கடிதம் அனுப்பினர். ஒரு கம்பியில்லாக் கருவிக்காக மூன்று பெரிய மனிதர்கள்! இன்டெல் கம்பெனி, கெடுவுக்குப் பிறகு அந்தச் சரக்கை அனுப்பமாட்டோம் என்றது. ஏப்ரல் 21-ல் வாஷிங்டனில் துணைப்பிரதமர் ஊ யீ அம்மையார் வாபியைக் காலவரையறையின்றித் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். மூன்றாம் தலைமுறை முறைகளில் அரசு பாரபட்சம் காட்டாது, உரிமைத்தொகைப் பேரங்களில் தலையிடாது என்றும் வாக்குத் தரப்பட்டது. அந்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சரி. வல்லரசுகள் பேரம் பேசட்டும். அந்த நாட்களில் சாமானியச் சீனத் தொழிலாளி என்ன செய்துகொண்டிருந்தான்? இதைத்தான் வாணிபப் பக்கங்களில் யாரும் விரிவாக எழுதுவதில்லை.

அவன் கையில் ‘சியாவ்லிங்டோங்’ இருந்தது. சின்னஞ்சிறு சூட்டிகைக் கருவி என்பது போன்ற செல்லப்பெயர். அதன் கதையே தனி. செல்பேசி நடத்த உரிமம் இல்லாத சீனா டெலிகாம், ஜப்பானியரின் பழைய முறை ஒன்றை எடுத்துவந்து, “இது செல்பேசி அல்ல, வீட்டுத் தொலைபேசியின் நீண்ட கைதான்” என்று வாதாடி, செஜியாங் மாநிலத்தில் யூஹாங் என்ற சிறிய ஊரில் தொடங்கிவைத்தது. செல்பேசியில் அழைப்பவனுக்கும் கட்டணம், அழைக்கப்படுபவனுக்கும் கட்டணம் என்றிருந்த காலம். இதிலோ அழைப்பவனுக்கு மட்டுந்தான். அதுவும் வீட்டுத் தொலைபேசிக் கட்டணம். கட்டட வேலைக்காரன், காய்கறிக்காரி, ஆலைத் தொழிலாளி, கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்கவந்த பெண் எல்லோருக்கும் அதுவே எட்டிய கனி. குறை உண்டு. ஓடும் பேருந்தில் பேசினால் அறுந்துபோகும்; ஊர் விட்டு ஊர் போனால் ஊமையாகிவிடும்; காற்றோட்டமான இடம் தேடி நின்று, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தால்தான் குரல் கேட்கும் என்று சீனர்களே கேலி பேசினார்கள். கேலி பேசிக்கொண்டே வாங்கினார்கள்! அமைச்சகம் 2000 மே மாதம் நிறுத்தச் சொல்லிப் பார்த்தது; பிறகு விட்டுவிட்டது. பெரிய நகரங்களுக்குள் வராதே என்றது; 2003-ல் பீகிங்கிற்குள்ளும் வந்துவிட்டது. 2006-ல் அதை வைத்திருந்தோர் தொகை ஒன்பது கோடியைத் தாண்டியது. எந்த வல்லரசும் அதற்காகக் கடிதம் எழுதவில்லை. எந்த மாநாடும் அதைச் சீனத்தின் பெருமை என்று தீர்மானம் போடவில்லை.

டி.டி. முறை இன்னும் பக்குவப்படவில்லை என்பதற்காக, மூன்றாம் தலைமுறை உரிமங்களையே அரசு வழங்காமல் வைத்திருந்தது. ஜப்பானில் 2001-ல் வந்தது சீனாவில் 2009 சனவரி 7 வரை வரவில்லை. அன்று மூன்று கம்பெனிகளுக்கு மூன்று முறைகள் பிரித்துத் தரப்பட்டன: யூனிகாமுக்கு ஐரோப்பிய வழி முறை, சீனா டெலிகாமுக்கு அமெரிக்க வழி முறை, எல்லோரையும்விடப் பெரிய சீனா மொபைலுக்கு டி.டி. முறை. பலசாலி முதுகில் பாரத்தை ஏற்று என்ற கணக்கு. கணக்கு சரிதான், பாரம் சுமந்தது கம்பெனி மட்டுமல்ல, அதன் வாடிக்கையாளர்களுந்தான். அந்த முறையில் பேசும் நல்ல கருவிகள் மிகக் குறைவு. ஆப்பிளின் ஐபோன் 2009 அக்டோபரில் யூனிகாமில் வந்தது, அதுவும் வைஃபை பிடுங்கப்பட்டு! வாபி செத்தும் கெடுத்தது. சீனா மொபைல் வாடிக்கையாளர்களுக்கு ஐபோன் கிடைத்தது 2014 சனவரி 17-ல். ஐபோன் இல்லாமல் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. நான் வருந்துவது வேறொன்றுக்கு. 2009 பிப்ரவரியில் ஓர் ஆணை வந்தது: சியாவ்லிங்டோங் ஓடிய அலைக்கற்றை, டி.டி. முறையின் அலைக்கற்றையை ஒட்டியிருக்கிறது. ஆகவே 2011 முடிவதற்குள் காலி செய்!

புதிய சாலை வருகிறது, குடிசையை அகற்று என்கிற அதே குரல். ஏழையின் கருவி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். தன்னாட்டுத் தொழில் வளரவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்நியன் சுங்கச்சாவடியில் காலமெல்லாம் காசு கொடுத்துக்கொண்டு நிற்பவன் ஏமாளி. ஆனால், பேரம் பேசும் காய்க்கு இடம் விடுவதற்காக, கோடிக்கணக்கான உழைப்பாளிகள் தாமே தேடிக்கொண்ட மலிவான வசதியை எடுத்துவிட்டு, அவர்களுக்கு என்ன ஈடு என்று கேட்கும் இடத்தில் அவர்களில் ஒருவரையும் உட்காரவைக்கவில்லையே, அதைத்தான் குறை என்கிறேன். வாஷிங்டனில் நடந்த பேச்சில் கம்பெனிக்கு நாற்காலி இருந்தது. பீகிங்கில் நடந்த பேச்சில் அரசுக் கம்பெனிக்கு நாற்காலி இருந்தது. கருவியை வாங்கிப் பேசுகிறவனுக்கு எங்கே நாற்காலி?

இலாபக் கணக்கையும் எழுதியாகவேண்டும். டி.டி. முறையில் பழகிய கை அடுத்த தலைமுறையில் தேறியது. ஒற்றைத் தண்டவாளக் கருத்தையே நான்காம் தலைமுறைக்கு எடுத்துச் சென்று, டி.டி.-எல்.டி.ஈ. என்ற முறையைச் சீனா முன்னின்று வளர்த்தது. 2013 டிசம்பர் 4-ல் மூன்று கம்பெனிகளுக்கும் முதலில் அதற்குத்தான் உரிமம் தந்தது. இம்முறை அது சீனாவோடு நிற்கவில்லை. நம் நாட்டில் 2010-ல் நடந்த ஏலத்தில் டெல்லி, மும்பை, அரியானா, கேரளம் ஆகிய வட்டங்களுக்கு அந்த ஒற்றைத் தட அலைக்கற்றையை வாங்கியவர் யார் தெரியுமா? குவால்காம்! எந்தச் சாலையானால் என்ன, சாவடி தன்னுடையதாக இருந்தால் சரி என்று அந்தக் கம்பெனி தெளிவாக இருந்தது. 2012 ஏப்ரலில் ஏர்டெல் அந்த முறையைக் கல்கத்தாவில் தொடங்கியது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவும் அதைப் பயன்படுத்தியது. பீகிங்கில் நடந்த பேரம் நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர், தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கலாம்.

உரிமைத்தொகைப் பேரத்தில் தலையிடமாட்டோம் என்று 2004-ல் கொடுத்த வாக்கு? 2015 பிப்ரவரி 10-ல் சீனாவின் விலை ஆணையம், ஏகபோகத் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்துக் குவால்காமுக்கு 608 கோடி யுவான் அபராதம் போட்டது; ஏறத்தாழ 97.5 கோடி டாலர். அதோடு விடவில்லை. சீனாவில் விற்கும் செல்பேசிக்கு முழு விலையில் விழுக்காடு கேட்காதே, விலையில் 65 விழுக்காட்டை மட்டும் கணக்கில் எடுத்து, அதில் மூன்றாம் தலைமுறைக் கருவிக்கு 5, நான்காம் தலைமுறைக்கு 3.5 என்று வாங்கு என்றது. கொரியத் தொழிலாளி பூட்டிய திரைக்கும் சேர்த்து வாங்கிய கம்பெனி, சீனாவில் தலையாட்டிற்று. சந்தை பெரிதல்லவா!

டி.டி. முறையின் கோபுரங்களை 2019 முதல் சீனா மொபைலே பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டது. ஐந்தாம் தலைமுறை வந்துவிட்டது. அதன் காப்புரிமைகளை மலைபோல் குவித்து வைத்திருக்கும் கம்பெனிகளில் முன்வரிசையில் நிற்பது சீனாவின் ஹுவாவெய். அந்தக் கம்பெனி 2021 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: உலகில் எவன் ஐந்தாம் தலைமுறைச் செல்பேசி செய்தாலும், எங்கள் முறைக்காகக் கருவி ஒன்றுக்கு இரண்டரை டாலர் வரை எங்களுக்குக் கட்டவேண்டும்!